ஒப்படைப்புப் படிவம்

ஹெர் ஓர்லைன் குனிந்து குளியலறைக்குள் வருகிறார்.
கையில் அட்டை, அட்டையில் படிவம், காதில் பேனா.
ஷவர் கண்ணாடியில் கட்டைவிரல் நகத்தால்
ஒரு கோடு இழுக்கிறார்.
நகக்கண்ணில் சேர்ந்த வெள்ளையை
திருட்டுப் பொருளைப் போல
என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்.
"ஃபிராவ் ஹார்ம்ஸ், இது என்ன?"

உங்கள் ஊர், ஹெர் ஓர்லைன்.
மைன் ஆறு வளையுமிடத்தில்
திராட்சைச் சரிவுக்கு அடியில் படுத்திருக்கும் சிப்பிப் பாறை.
கடல் வற்றியது தெரியாமல் அங்கேயே தங்கிவிட்ட ஓடுகள்.
மழை அவற்றைக் கரைத்துக்கொண்டு
குழாய் வழியே மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தது.
நான் குளித்தேன்.
அவ்வளவுதான்.

இதை நான் சொல்லவில்லை. முன்பணம் அவர் கையில் இருக்கிறது.

சொட்டச் சொட்டக் கல் தேயும் என்பது
வேறெங்காவது உண்மையாக இருக்கலாம்.
இங்கே சொட்டச் சொட்டக் கல் வளர்கிறது:
குழாய்க் கழுத்தில், கெட்டிலின் வயிற்றில்,
கழுவிக் கவிழ்த்த தம்ளரில்
யாரோ மூச்சு விட்டுப் போனது போல.
தேநீரின் மேல் ஒரு தோல்.
கரண்டியால் கிழித்தால்
தீவுகளாகப் பிரிந்து மறுபடி சேரும்.
கொடியிலிருந்து எடுத்த துவாலையை
நாற்காலியில் சாய்த்து வைக்கலாம், நிற்கும்.

ஞாயிறுதோறும் வினிகர்.
ஷவர் தலைக்கு ஒரு பிளாஸ்டிக் பை கட்டி
ரப்பர் வளையம் போட்டு ஊற வைப்பேன்,
பல்வலிக்காரன் தலைக்கட்டோடு உட்கார்ந்திருப்பதுபோல்
அது சுவரில் தொங்கும்.
வீடு முழுக்க ஊறுகாய் வாடை.
ஒரு ஞாயிறு தவறினாலும்
அடைபட்ட துளைகளுக்கு நடுவே
ஒரே ஒரு துளை பிடிவாதமாக
என் இடது கண்ணையே குறி வைக்கும்.

சலவை இயந்திரம் நின்ற அன்று
டீலோ வந்து சூடேற்றும் கம்பியை உருவினார்.
முறிந்த கைக்கு மாவுக்கட்டுப் போட்டதுபோல்
அத்தனை தடிமன்.
"இந்தத் தண்ணிதான் எனக்குச் சோறு போடுது" என்று சிரித்தார்.
போகும்போது சோப்புத்தூள் பெட்டியின் முதுகில்
அளவுக் கட்டங்களைப் பார்த்தார்:
மென்நீர், நடுத்தரம், கடுநீர்.
மூன்றையும் அடித்துவிட்டு
ஓரத்தில் பேனாவால் எழுதினார்:
இன்னும் ஒரு கோப்பை.

இப்போது ஹெர் ஓர்லைனுக்குத் தாகம்.
அலமாரியெல்லாம் காலி,
மிச்சமிருந்த என் பல்துலக்கும் குவளையில்
குழாயைத் திறந்து பிடித்துத் தருகிறேன்.
ஒரே மூச்சில் குடித்துவிட்டு
"வேறெங்கும் கிடைக்காத தண்ணீர்" என்கிறார்.
மனதாரத்தான் சொல்கிறார்.
பிறகு மூக்குக்கண்ணாடியை அதே குழாயில் காட்டி
சட்டை நுனியில் பாதி துடைத்து
மீதியைக் காற்றுக்கு விட்டு மாட்டிக்கொள்கிறார்.
இரண்டு வில்லைகளிலும்
காய்ந்த துளிகள், வெள்ளை வெள்ளையாக.
அவற்றின் வழியே
என் கறையை உற்றுப் பார்த்து எழுதுகிறார்:
கழிவு, நூற்று நாற்பது யூரோ.

கையெழுத்துப் போட்டேன்.

புது ஊர் மலைமேல், மணற்கல்லுக்கும் ஊசியிலைக் காட்டுக்கும் நடுவே.
முதல் இரவு சோப்பைக் கழுவுகிறேன், போகவில்லை.
மறுபடி கழுவுகிறேன். விரல்கள் வழுக்குகின்றன,
விடைபெற்ற பிறகும் கையை விடாத ஒருவரைப் போல.
தேநீரில் தோலில்லை.
அடியில் கோப்பையின் பூ அப்பட்டமாகத் தெரிகிறது,
எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மறுநாள் சலவை.
கை தன் பழக்கத்தில் அளந்தது,
டீலோவின் அந்த இன்னும் ஒரு கோப்பையோடு.
பத்து நிமிடத்தில் இயந்திரத்தின் வாயிலிருந்து
நுரை வழிந்தது, தரையைப் பிடித்தது,
செருப்பைத் தூக்கிக்கொண்டு
வாசல் இடுக்கு வழியே படியிறங்கத் தொடங்கியது.

முழங்கால் வரை வெள்ளையில் நிற்கிறேன்.
கீழ்வீட்டிலிருந்து யாரோ ஏறி வந்து கதவைத் தட்டுகிறார்.
அவர் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.